பதினொரு சீட்டு

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

இந்தத் தவக்காலத்துக்கு நாட்குறிப்பு எழுதுவதாக நேர்ந்திருக்கிறேன். ஆளுக்கொரு ஒறுத்தல் சொல்ல வேண்டும் என்று விடுதிப் பொறுப்பாளர் சிஸ்டர் எமரென்சியா காலையில் எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார்கள். பெவினா ஊறுகாயை விடுகிறாள். டெல்பின் தலையணையை விடுகிறாள். நான் நாட்குறிப்பு என்றதும் சிஸ்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்கள்.

"எழுதுறது ஒனக்கு மிட்டாய் திங்குற மாதிரி. அது எப்படி ஒறுத்தல் ஆகும்?"

"உண்மைய மட்டும் எழுதுவேன் சிஸ்டர். அது கஷ்டம்தான?"

சிரித்துவிட்டார்கள். பழைய வருகைப் பதிவேடு ஒன்றைக் கொடுத்தார்கள். பாதிக்கு மேல் வெற்றுத் தாள்.

ஆகவே முறைப்படி தொடங்குகிறேன். என் பெயர் மரிய ஜெர்சியா. பத்தாம் வகுப்பு. விடுதியில் இரண்டு புத்தக அலமாரிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் சாவி என்னிடம். எட்டாம் வகுப்பில் அதைத் தரும்போது சிஸ்டர், "நாளைக்கு நீயும் எங்கள்ல ஒருத்தி ஆகப்போறவதான" என்றார்கள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சாவியை வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 17, சனி

கணக்கு மாதிரித் தேர்வு. எண்பத்தொன்று.

மாலையில் மடத்துத் தலைவி மதர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் மடத்து வரவேற்பறையான பார்லருக்குக் கூப்பிட்டார்கள். இந்த மடத்தில் இப்போது மூன்றே பேர்: மதர், சிஸ்டர் எமரென்சியா, படுத்த படுக்கையில் இருக்கும் எண்பத்து நான்கு வயது சிஸ்டர் பார்பரா. சபையில் புதிதாகச் சேர ஆள் இல்லை. மே மாதம் சபைக் கூட்டத்தில் முடிவெடுப்பார்களாம். அடுத்த வருடம் இந்த மடமும் விடுதியும் மூடப்படலாம். நாளைய சாப்பாட்டுக்கு என்ன என்று சொல்வதைப்போலவே மதர் இதைச் சொன்னார்கள். பிறகு, சபைக்குப் புதிதாக ஆள் வரும்படி, இனி வியாழன்தோறும் மாலை அரைமணி நேரம் இறை அழைத்தலுக்காகச் செபிப்போம் என்றார்கள். செபத்தை எழுதும் பொறுப்பு எனக்கு.

ஜூனில் என் தங்கை ரோஷினி ஆறாம் வகுப்புக்கு இங்கே வர வேண்டும். எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே எழுதி முடித்துவிட்டேன்: "நல்ல ஆயனே, உம் குரலை அறிந்து உம் பின்னே வரவும், உம் மந்தையைப் பேணவும், எங்களிடமிருந்து யாரையாவது அழைத்தருளும்." பெவினா மேசைமேல் ஏறி நின்று அதைப் படித்துக் காட்டினாள். எல்லாரும் கை தட்டினார்கள். டெல்பின் மட்டும் தட்டுக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"யாரையாவதுன்னு எழுதிருக்கியே, அது யாருட்டி?"

"யாராவதுன்னா யாராவதுதான்."

"யாராவதுன்னா ஜெர்சியாதாம்ட்டி," என்றாள் பெவினா. "இவளுக்கு வேற சோலி என்ன? சிஸ்டர் ஜெர்சியா, என்ன ஆசீர்வதிங்க சிஸ்டர்!" என்று என் காலடியில் முழங்காலிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 22, வியாழன்

முதல் செபம். அரைமணி நேரம் முழங்காலில். பெவினா தூங்கி என்மேல் சாய்ந்தாள்.

மார்ச் 1, வியாழன்

இன்று எனக்கு ஒரு யோசனை வந்தது. அது நல்ல யோசனை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

துவைகல்லில் சீருடை அலசிக்கொண்டிருந்தோம். போன வாரமும் இந்த வாரமும் செபித்தாகிவிட்டது. யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. "ஒனக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?" என்று பெவினா ஒவ்வொருத்தியாகக் கேட்டு வந்தாள். எனக்கு மறைக்கல்விப் பாடம் ஞாபகம் வந்தது. யூதாசின் இடத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது திருத்தூதர்கள் என்ன செய்தார்கள்? செபித்துவிட்டுச் சீட்டுப் போட்டார்கள். மத்தியாவின் பெயருக்கு விழுந்தது. யாரும் தகராறு செய்யவில்லை.

"நாம பன்னெண்டு பேரு இருக்கோம்," என்றேன். "அவங்களும் பன்னெண்டு பேரு."

ஒரு நிமிடம் யாரும் துணி அடிக்கவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். விளையாட்டுக்குச் செய்யக்கூடாது என்றாள் ஒருத்தி. பெயர் வந்தால் போயே ஆக வேண்டும் என்றாள் இன்னொருத்தி. நான் ஒழுங்கு சொன்னேன்: ஒன்பது நாள் நவநாள் செபம், பத்தாம் நாள் சீட்டு. யாருக்கு விழுகிறதோ அவள் நல்லாயன் ஞாயிறன்று, சபையில் சேர விரும்புகிறவர்களுக்கான அழைத்தல் முகாமுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். சீட்டுப் போட்டதைச் சிஸ்டர்மார் உட்பட யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் பிள்ளை விளையாட்டு என்பார்கள்.

டெல்பின் கடைசியாகத்தான் சரி என்றாள். அவளுக்கு அம்மா இல்லை. அப்பா கடற்கரை ஊரில் தனியாக இருக்கிறார். ஐந்து வருடமாக அவரே பொங்கிச் சாப்பிடுகிறார். பரீட்சை முடிந்ததும் ஊருக்குப் போய், அங்கிருந்தே பதினொன்றாம் வகுப்பும் பிறகு நர்சிங்கும் படிப்பது என்று முடிவு செய்து வைத்திருக்கிறாள். கட்டிலுக்கு மேல் காலண்டரில், ஊருக்குப் போகும் ஏப்ரல் இருபத்திரண்டைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறாள்.

"பன்னெண்டுல ஒண்ணுதான," என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

மார்ச் 6, செவ்வாய்

நவநாள் ஆறாம் நாள். தமிழ் இலக்கணம் திருப்புதல். சாம்பாரில் உப்பில்லை, தவக்காலத்துக்காகவா, மறந்துபோய்விட்டதா தெரியவில்லை.

மார்ச் 10, சனி

சமூக அறிவியல் நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து, ஸ்கேல் வைத்துப் பதினொரு துண்டாக்கினேன். எல்லாம் ஒரே அளவு. பெயர்களை நீல மையில் எழுதினேன், நான்காக மடித்தேன். யாரும் என்னிடமிருந்து வாங்கிப் பார்க்கவில்லை. என் கையெழுத்து அழகு என்பதால் எழுதுகிற வேலைகள் எப்போதும் என்னிடமே வரும்.

துணி காயப்போடும் மாடியில் எல்லாரும் கூடினோம். டெல்பினின் டிபன் டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம். தூய ஆவியாருக்கு ஒரு பாட்டு. யார் எடுப்பது என்று கேட்டதும் எல்லாரும் பின்னால் நகர, பெவினா கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை விட்டாள். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள். இன்று ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கையை உள்ளேயே வைத்திருந்தாள்.

சகாய டெல்பின்.

பிரித்து இரண்டு தடவை படித்தோம். டெல்பின் எங்கள் முகங்களைப் பார்த்தாள். "சரி," என்றாள். கீழே தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. மோட்டார் அவள் பொறுப்பு. "மோட்டார அமத்தணும்," என்று இறங்கிப் போனாள்.

பெவினா வயிற்றுவலி என்று இரவில் சாப்பிடவில்லை. நான் இரண்டு தோசை சாப்பிட்டேன்.

மார்ச் 12, திங்கள்

டெல்பின் தானாகவே மதரிடம் போய், "நான் சபையில சேரணும்னு நெனைக்கேன்" என்று சொல்லிவிட்டாள். சீட்டைப் பற்றிச் சொல்லவில்லை. மதர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்களாம். மத்தியானம் எல்லாருக்கும் லட்டு. தவக்காலத்தில் லட்டு கொடுத்தது இதுவே முதல் தடவை. சிஸ்டர் எமரென்சியாவின் கண் சிவந்திருந்தது. புத்தக அலமாரி பக்கம் வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்கள்:

"ஒனக்கு வருத்தம் இல்லியே? நீதான் மொதல்ல வருவேன்னு நாங்க நெனச்சோம்."

"பரீட்சை முடியட்டும் சிஸ்டர்," என்றேன்.

மார்ச் 15, வியாழன்

நாளை தமிழ் முதல் தாள். செபம் முடிந்து வரும்போது டெல்பின் கேட்டாள்: "சீட்டு தப்பா விழாதுல்லாட்டி?" செபித்துவிட்டுப் போட்டால் தவறாது என்று நான் பாடத்தில் படித்ததை விளக்கினேன். அவளுக்கு நன்றாகப் புரிந்தது. தலைவலி. மாத்திரை போட்டேன்.

மார்ச் 16, வெள்ளி

தமிழ் எளிது.

மார்ச் 25, குருத்து ஞாயிறு

மதர் போன் செய்து கூப்பிட்டிருந்ததால் டெல்பினின் அப்பா வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, ஒரு கையில் குருத்தோலை, இன்னொரு கையில் பொரித்த சாளை மீன் வைத்த தூக்குவாளி. பார்லருக்கு டீ கொண்டுபோகச் சொல்லி என்னை அனுப்பினார்கள். மதர் அப்போதுதான் எழுந்து போயிருந்தார்கள்; டெல்பினும் அவள் அப்பாவும் மட்டும் இருந்தார்கள்.

"நீதான் ஜெர்சியாவா? பாட்டெல்லாம் எழுதுவியாமே?"

"செபம்தான் மாமா."

"ரெண்டும் ஒண்ணுதான் தாயி. இரி."

உட்கார்ந்தேன். டெல்பின் அப்பாவிடம் சீட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்ற ஒழுங்கை அவள் மீறியதற்காக நான் அவளைப் பார்த்தேன். "அப்பாகிட்ட மறைக்க முடியலட்டி," என்றாள்.

அவர் கோபிக்கவில்லை. குருத்தோலையை மடித்துச் சிலுவை செய்துகொண்டே பேசினார்.

"எங்க கரைவலையிலயும் அப்படித்தான். ஒரே கர, பத்து வல. எல்லாரும் ஒரே நாள்ல எறக்க முடியுமா? யாரு வல என்னைக்குன்னு வருசத்துக்கு ஒருக்கா கோயிலு முன்னால சீட்டுப் போடுவோம். விழுந்தது விழுந்ததுதான். எங்கூடப் பொறந்த அண்ணனுக்கும் எனக்குமே அதுல மறுபேச்சு கெடயாது. நல்ல மீன்பாடு அவனுக்குப் போவும், நான் பாத்துக்கிட்டு நிப்பேன். ஆண்டவரு குடுத்தது."

டெல்பின் தூக்குவாளியின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரு பேரும் போட்டியள்லா?" என்று என்னிடம் கேட்டார். "ஏன் கேக்கேன்னா, ஒரு வல பேரு விட்டுப்போனாலும் மொத்தச் சீட்டும் செல்லாது. எங்க ஊருல ஒரு வருசம் அப்படி ஆச்சு. திரும்பவும் போட்டோம்."

"போட்டோம் மாமா," என்றேன்.

"அப்பஞ் சரி." டீயைக் குடித்து முடித்தார். "அப்பஞ் சரி," என்று இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை டம்ளரைப் பார்த்து.

போகும்போது ஓலைச் சிலுவையை என்னிடம் தந்தார். நல்ல கச்சிதமான வேலை.

மார்ச் 27, செவ்வாய்

பங்குச்சாமி பாவசங்கீர்த்தனம் கேட்க வந்தார். ரோஷினியை அடித்தது, செபத்தில் பராக்காக இருந்தது, ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கேலி செய்தது ஆகியவற்றைச் சொன்னேன். பரிகாரமாக மூன்று அருள்நிறை மரியே செபம்.

மார்ச் 28, புதன்

ஆங்கிலம் முதல் தாள். பரவாயில்லை.

மார்ச் 30, பெரிய வெள்ளி

பன்னிரண்டு பேர். பதினொரு சீட்டு.

மார்ச் 31, சனி

நேற்று ஒரு வரிதான் எழுத முடிந்தது. இன்று மீதி.

என் பெயரை நான் எழுதவில்லை. மறந்துபோகவில்லை. தாளைக் கிழிக்கும்போதே தெரியும். என் பெயர் வந்துவிட்டால் அது வேடிக்கையாக இருக்காது, எல்லாரும் முன்பே சொன்னது நடந்ததாகிவிடும், பிறகு வேண்டாம் என்று சொல்ல ஒரு வழியும் இருக்காது என்று பயந்தேன். எனக்குக் கல்லூரிக்குப் போய்த் தமிழ் படிக்க வேண்டும். பெரிய நூலகம் ஒன்றில் வேலை பார்க்க வேண்டும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அலமாரிச் சாவி கிடைத்திருக்காது.

விடுதி மூடக்கூடாது. யாராவது போக வேண்டும். அந்த யாராவது நான் இல்லை. இதுதான் நான் செபித்தது.

டெல்பினின் அப்பாவிடம் "போட்டோம் மாமா" என்று சொன்னேன். அது இன்னொன்று. முதலாவதைவிடப் பெரியது.

ஏப்ரல் 1, உயிர்ப்பு ஞாயிறு

விடிகாலைப் பூசை. மணி, புதுத் துணி, கேக். டெல்பின் புதுத் தாவணியில் நன்றாக இருந்தாள். "இதுதான் கடைசிக் கலர் துணி, போட்டோ எடுங்கட்டி," என்று பெவினா கத்தினாள். எல்லாரும் சேர்ந்து எடுத்துக்கொண்டோம். நான் ஓரத்தில் நின்றேன்.

பரீட்சை முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். இப்போது சொன்னால் அவள் படிப்பு கெடும்.

ஏப்ரல் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் மடத்துப் போனிலிருந்து வீட்டுக்குப் பேசலாம். டெல்பின் அப்பாவுக்குப் போட்டாள்; பக்கத்து வீட்டு அக்காதான் எடுத்தார்கள். பேசிவிட்டு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அப்பா நாலு நாளா கடலுக்குப் போவலியாம்."

"காய்ச்சலா?"

"இல்ல. வீட்டுல எனக்குன்னு ஒரு பக்கம் தட்டி வச்சு அடச்சிக்கிட்டு இருந்தாரு, படிக்கதுக்கு. பாதியில நிக்கி. இப்ப அதப் பிரிச்சிக்கிட்டு இருக்காராம்."

நாளை மறுநாள் கணக்கு. வடிவியல் இன்னும் இரண்டு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 12, வியாழன்

கணக்கு முடிந்தது. அடுத்து அறிவியல், பதினேழாம் தேதி. நர்சிங்குக்கு அறிவியல் மதிப்பெண்தான் முக்கியம் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்து சொல்லி வந்தவள் டெல்பின். உயிரியலில் எங்கள் எல்லாரையும்விட அவள்தான் கெட்டி. இன்று புத்தகத்தைத் தொடவில்லை. காலண்டரில் போட்டிருந்த வட்டத்தையும் அழித்திருக்கிறாள். தாள் கிழிகிற அளவுக்கு.

"கண்ணோட படம் வரஞ்சு பாத்தியா? அஞ்சு மார்க்குக்கு வரும்," என்றேன்.

"சபையில சேருதவளுக்குக் கண்ணுப் படம் எதுக்கு? பாஸ் மார்க்கு போதும்ட்டி."

பரீட்சை முடியட்டும் என்பதில் இனி அர்த்தம் இல்லை.

ஏப்ரல் 13, வெள்ளி

காலையில் மோட்டார் அறைக்குப் போனேன். டெல்பின் சுவிட்சைப் போட்டுவிட்டு நின்றிருந்தாள்.

"டெல்பின், சீட்டு பதினொண்ணுதான் இருந்துச்சு. எம் பேர நான் எழுதல."

"என்னது? சத்தத்துல கேக்கல."

மோட்டாரை அணைத்தாள். நான் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை சொல்வது கடினமாக இருந்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. விரலை மடக்கி ஒவ்வொரு பெயராக எண்ணினாள். பிறகு, "ஏன்?" என்றாள்.

"வந்துருமோன்னு பயம்."

"எனக்கு வரலாம். ஒனக்கு வரக்கூடாது."

நான் தரையைப் பார்த்தேன்.

"எங்கப்பா கேட்டாருல்லா? ஒம் மொகத்தப் பாத்துத்தான கேட்டாரு? எல்லாரு பேரும் போட்டியளான்னு கேட்டாருல்லாட்டி?" அவள் குரல் உயரவில்லை. "அவரு ஒரு வார்த்த போகாதன்னு எங்கிட்ட சொல்லல. பஸ் ஏறும்போதுகூட சொல்லல. சீட்டுன்னதும் அப்படியே வாய மூடிக்கிட்டாரு. நீ ஆமான்னு சொன்னதுனால."

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. வாளியோடு தண்ணீருக்கு வந்த பெவினா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"யூதாசு போக மிச்சம் பதினொண்ணு," என்றாள். "கணக்கா எழுதிருக்காட்டி." அவள் சிரிக்கவில்லை. வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

டெல்பின் என் மணிக்கட்டைப் பிடித்து மதரின் அறைக்கு இழுத்துப் போனாள். சிஸ்டர் எமரென்சியாவும் அங்கே இருந்தார்கள். சீட்டு, பதினொன்று, அப்பா கேட்டது, நான் சொன்னது எல்லாவற்றையும் நானே சொன்னேன். நடுவில் ஒரு தடவை நிறுத்தினேன், டெல்பின், "ம்," என்றாள், தொடர்ந்தேன்.

மதர் ரொம்ப நேரம் மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன்.

"சேருதேன்னு இந்தப் பிள்ள வந்து நின்னுச்சு," என்று சிஸ்டரிடம் சொன்னார்கள். "ஏன் சேருதேன்னு நான் ஒரு வார்த்த கேக்கல பாருங்க. ஒடனே லட்டு வாங்க ஆள் அனுப்பிட்டேன். சபைக்கு லெட்டர் போட்டுட்டேன், ஒரு ஆள் கெடச்சிட்டான்னு." பிறகு டெல்பினிடம், "மன்னிச்சிரு தாயி," என்றார்கள்.

ஒரு மதர் ஒரு பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது திட்டு வாங்குவதைவிட மோசமாக இருந்தது.

அலமாரிச் சாவியை மேசைமேல் வைத்தேன். சிஸ்டர் எமரென்சியா அதை எடுத்துத் தன் சாவிக்கொத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

"டெல்பினோட அப்பாகிட்ட போன்ல நான் சொல்லட்டுமா?" என்று மதர் கேட்டார்கள்.

"வேண்டாம் மதர். இவதான் சொல்லணும். நேர்ல," என்றாள் டெல்பின்.

ஏப்ரல் 14, சனி

டெல்பின் என்னோடு பேசவில்லை. ஆனால் படிக்கிறாள். கண் படத்தைப் பெவினாவிடம் கேட்டு வாங்கினாள்; பெவினாவின் படத்தில் கண் முட்டை மாதிரி இருக்கும். என் அறிவியல் நோட்டை அவள் கட்டிலில் வைத்தேன். மத்தியானம் என் கட்டிலில் இருந்தது.

ஏப்ரல் 15, ஞாயிறு

நோட்டு இன்றும் திரும்பி வந்துவிட்டது.

ஏப்ரல் 17, செவ்வாய்

அறிவியல். கடைசி மணி அடித்த பிறகும் டெல்பின் எழுதிக்கொண்டிருந்தாள். மேற்பார்வையாளர் தாளைப் பிடுங்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 20, வெள்ளி

சமூக அறிவியல். பரீட்சைகள் முடிந்தன. பெட்டி கட்டினோம்.

ஏப்ரல் 22, நல்லாயன் ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பூசையில் ஆயன் தன் ஆடுகளை அறிந்திருப்பதைப் பற்றிய நற்செய்தி. பூசை முடிந்து அழைத்தல் பணிக்கான சிஸ்டர் ஒருவர் எங்களிடம் பேசினார்கள். மே மாதம் ஐந்து நாள் முகாம். வந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம், யாரையும் கட்டி வைக்கப்போவதில்லை என்றார்கள். பிறகு ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார்கள். விருப்பமுள்ளவர்கள் பெயர் எழுத வேண்டும்.

தாள் டெல்பினிடம் வந்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கவில்லை. உடனே அடுத்தவளுக்குத் தந்துவிட்டாள். என்னிடம் வந்தபோது அது இன்னும் வெற்றுத் தாளாகத்தான் இருந்தது. முன் வரிசையில் மதரும் சிஸ்டர் எமரென்சியாவும் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் பேனாவைத் திறந்தேன். என் பெயரை எழுதிவிட்டால் எல்லாம் சமமாகிவிடும் என்று தோன்றியது. 'ம' எழுதினேன்.

"ஏட்டி," என்று பக்கத்திலிருந்த பெவினா என் கையைப் பிடித்தாள். "தண்டனைக்குப் போறதுக்கு அது என்ன செயிலா? தாளத் தா. எனக்கு எழுதணும்."

வழக்கமான கேலி என்று நினைத்தேன். அவள் தாளை முழங்காலில் வைத்து, என் 'ம'வை அடித்துவிட்டு, கீழே 'அந்தோணி பெவினா' என்று முட்டை முட்டையாக எழுதினாள்.

"சும்மா வெளாடாதட்டி," என்றேன்.

"அன்னைக்கி டப்பாக்குள்ள கைய விட்டேன்லா," என்றாள், தாளைப் பார்த்துக்கொண்டே. "எம் பேரு வரணும்னு வேண்டிக்கிட்டுத்தான் விட்டேன். வரல. சரி, ஆண்டவருக்கு நான் வேண்டாம்போலன்னு ரெண்டு நாளு அழுதேன். நீங்க யாரும் கேக்கலியே. நான் சொன்னா சிரிப்பிய." பிறகு, "அங்க சாப்பாடு நல்லா இருக்குமாம்ட்டி," என்றும் சொன்னாள்.

நான்கு வருடமாக அவள் கட்டிலும் என் கட்டிலும் பக்கத்துப் பக்கத்தில். கூர்ந்து கவனிக்கிறவள் என்று எனக்கு விடுதியில் பெயர்.

தாளை வாங்கிப் பார்த்த சிஸ்டர் எமரென்சியா, "யாரு, நம்ம பெவினாவா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார்கள். இந்தத் தடவை மதர் லட்டுக்கு ஆள் அனுப்பவில்லை. பெவினாவைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், ஒரு மணிநேரம் அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் சேர்ந்தால் மடம் மூடாதா என்று நான் சிஸ்டர் எமரென்சியாவிடம் கேட்டேன். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம் என்றார்கள்.

பதினொரு மணிக்கு டெல்பினின் அப்பா வந்தார். சீட்டு விழுந்தபடி மகள் பெயர் கொடுத்திருப்பாள், மே மாதம் வழியனுப்பும் வரைக்கும் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்திருக்கிறார். அதே வெள்ளைச் சட்டை. கோயில் படியில் வைத்து நான் சொன்னேன். சின்ன வாக்கியங்களாகச் சொன்னேன்: "மாமா, பன்னெண்டு பேரு இருந்தோம். பதினொரு சீட்டுதான் போட்டேன். எம் பேரப் போடல. நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன்."

அவர் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

"கரையில இப்படி ஒருத்தன் செஞ்சாம்னா ஒரு வருசம் அவன் வலைய எறக்க விடமாட்டோம்," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. "கூட நின்னு இழுக்கதுக்குக்கூட ஆளு போவமாட்டான்."

"சரி மாமா," என்றேன்.

அவர் டெல்பின் பக்கம் திரும்பினார். "அப்ப அந்தச் சீட்டு செல்லாது."

"செல்லாதுப்பா."

"ஏ மக்கா, சீட்ட விட்ரு. நீ சொல்லு. ஒனக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்கு வரணும்ப்பா."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் அசைந்தது. டெல்பின் பக்கத்தில் உட்கார்ந்து, "தட்டிய எதுக்குப்பா பிரிச்சிய? திரும்ப அடைக்கணும் பாருங்க, ரெட்ட வேல," என்று திட்டினாள். நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன். போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

அவர்களுடைய பெட்டிகளில் ஒன்றை நான் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரைக்கும் பின்னால் நடந்தேன். டெல்பின் தடுக்கவில்லை. பன்னிரண்டரை வண்டி வந்தது. பெட்டியை உள்ளே தள்ளினேன். அவள் அப்பா அதை வாங்கிக்கொண்டு, "வெயில்ல நிக்காத, போ," என்றார்.

டெல்பின் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பும்போது என்னைப் பார்த்தாள். கை அசைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டே போனாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. நானாக ஒரு அர்த்தத்தை இங்கே எழுதப்போவதில்லை.